ஒரு தீவு, ரெண்டு லிஸ்ட்

நீங்க ராமேஸ்வரம் போயிருக்கீங்களா? போயிருந்தா, அங்க பார்த்த இடங்களை ஒரு பேப்பர்ல எழுதி வையுங்க. எங்க வீட்டு லிஸ்ட்டை நான் கீழ சொல்றேன். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா, இந்தக் கட்டுரையில நான் சொல்ல வர்றது பாதி அங்கேயே புரிஞ்சிடும்.

நான் குத்தம்பாக்கம். அத்தா அம்பத்தூர் எஸ்டேட்ல டர்னர். கல்யாணம் ஆகி 25 வருஷத்துல அத்தாவும் அம்மாவும் ரெண்டு பேரா சேர்ந்து ஊர் சுத்திப் பார்க்கன்னு எங்கேயும் போனதில்ல. கல்யாண வீடு, மய்யித்து வீடு, ரெண்டு தடவை நாகூர். அவ்வளவுதான். அதனால இன்டர்ன்ஷிப்ல வந்த ஸ்டைஃபண்டை வச்சு, அவங்களுக்கு ராமேஸ்வரத்துல ஒரு நாள் டூர் புக் பண்ணேன். கார், டிரைவர், அவரேதான் கைடும். பேர், வயசு, போன் நம்பர் கொடுத்தேன். தாம்பரத்துல ரயில் ஏத்தி விட்டேன்.

அத்தாவுக்கு அந்தத் தீவுல பார்க்க ஒரே ஒரு விஷயம்தான் இருந்துச்சு: புது பாம்பன் பாலம். 1914-ல திறந்த பழைய பாலத்துல, கப்பல் வந்தா நடுவுல ரெண்டு பக்கமும் கை தூக்குற மாதிரி திறந்துச்சு. 2025 ஏப்ரல் 6-ல திறந்த புதுப் பாலத்துல 72.5 மீட்டர் நீள இரும்புப் பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி 17 மீட்டர் மேலே போகும். முப்பது வருஷமா லேத்துல நிக்கிற மனுஷனுக்கு அதைக் கிட்ட நின்னு பார்க்கணும்னு ஆசை வராதா? ஆனா ரயில் பாலத்தைத் தாண்டும்போது இன்னும் விடியல. காலையில கார்ல வந்து பார்த்துக்கலாம்னு அத்தா மனசைத் தேத்திக்கிட்டாங்க.

காலையில டிரைவர் வந்தார். சிரிச்ச முகம், நல்ல பேச்சு. வண்டியில ஏறினதும் அவர் சொன்னது: "பாய், உங்களுக்குக் கலாம் ஐயா நினைவிடம், அவர் வீடு, தர்கா, அப்புறம் தனுஷ்கோடி. மத்ததெல்லாம் கோயில்தான், அது உங்களுக்கு வேணாம். சீக்கிரம் முடிச்சிடலாம்."

அந்த லிஸ்ட்படிதான் எல்லாம் நடந்துச்சு. பேய்க்கரும்புல கலாம் நினைவிடம். பள்ளிவாசல் தெருவுல கலாம் வீடு. ரயில் நிலையம் பக்கம் ஆபில் காபில் தர்கா. ஆதம் நபியோட ரெண்டு பிள்ளைகள் அங்க அடங்கியிருக்காங்கன்னு அந்த ஊர் நம்பிக்கை. பிறகு தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல்ல அழிஞ்சு போன ஊர். பாம்பன்ல இருந்து வந்த பயணிகள் ரயிலையே கடல் கொண்டு போயிடுச்சு. அங்க அம்மாவுக்கு ஓலைக் கொட்டகையில பொரிக்கிற மீன் சாப்பிட ஆசை. "உங்களுக்கு ஏத்த பிரியாணிக் கடை டவுன்ல இருக்கு, அங்கேயே கூட்டிட்டுப் போறேன்"னு டிரைவர் சொல்லிட்டார். மீனுக்கு ஹலால் பிரச்சினையே கிடையாதுன்னு அவருக்குத் தெரியல. அம்மாவும் வாயைத் திறக்கல.

அரிச்சல்முனையில நிக்கும்போது மணி பன்னிரண்டரை. லுஹர் வக்து வந்துடுச்சு. பயணத்துல நாலு ரக்அத்தை ரெண்டாச் சுருக்கித் தொழுதுக்கலாம், அதுக்கு மார்க்கத்துலேயே சலுகை இருக்கு. ஒளு செய்யக் கொஞ்சம் தண்ணி, பத்து நிமிஷம், ஒரு ஓரம். வேற ஒண்ணும் வேணாம். ஆனா "தொழுகை நேரம் எப்போ, எங்க வண்டியை நிறுத்தட்டும்"னு காலையில இருந்து யாரும் கேக்கல. சுத்தி ரெண்டு பக்கமும் கடல், அம்மா கண்ணு மட்டும் வாட்ச் மேல.

கவனிச்சீங்களா? எங்க மதத்தை வச்சு எங்களுக்கு என்ன பிடிக்கும்னு அவர் முடிவு பண்ணிட்டார். ஆனா அந்த மதத்தால எங்களுக்கு நிஜமாவே தேவைப்படுற ஒரே விஷயத்தைக் கேக்கல.

மூணு மணிக்கு டூர் முடிஞ்சுது. பாலம் லிஸ்ட்லேயே இல்ல. கோயிலோட ராஜகோபுரம், அதுக்கு எதிர்ல அக்னி தீர்த்தக் கரை, தீவோட உயரமான இடமான ராமர் பாதத்து மேட்டுல இருந்து தெரியுற கடல், எதுவும் இல்ல. கோயிலுக்குள்ள எதுவரைக்கும் யார் போகலாங்கிறதுக்கு விதி இருக்கு, அதைப் பத்தி இங்க பேச்சில்ல. கோபுரத்தைத் தெருவுல நின்னு பார்க்க எந்த விதியும் தேவையில்லையே.

இப்போ அடுத்த லிஸ்ட். என் கிளாஸ்மேட் ஒருத்தன் குடும்பத்தோட அதே ஊருக்குப் போனான். அக்னி தீர்த்தம், 22 தீர்த்தக் குளியல், சுவாமி தரிசனம், ராமர் பாதம், கோதண்டராமர் கோயில், தனுஷ்கோடி, கலாம் நினைவிடம். தர்கான்னு ஒண்ணு அங்க இருக்குன்னே அவனுக்கு நான் சொல்லித்தான் தெரியும். பள்ளிவாசல் தெருவுக்கும் போகல.

ஒரே தீவு. பேரைப் பார்த்து ரெண்டு லிஸ்ட். ரெண்டு குடும்பமும் பாதித் தீவைத்தான் பார்த்துட்டு வந்திருக்கு.

இதுல பெரிய வேடிக்கை என்னன்னா, ரெண்டு லிஸ்ட்லயும் பொதுவா இருக்கிற கலாமோட கதையே அந்தத் தீவை இப்படிப் பிரிக்க முடியாதுன்னுதான் சொல்லுது. 'அக்னிச் சிறகுகள்' படிச்சவங்களுக்குத் தெரியும். அவங்க அத்தா ஜைனுலாபுதீன் மரப்படகு கட்டி ஓட்டினது, ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் யாத்திரை வந்தவங்களை ஏத்திட்டுப் போக. சீதா கல்யாண உற்சவத்துக்கு சுவாமி சிலைகளைத் தெப்பக்குளத்து நடுவுல கொண்டு போகப் படகு ஏற்பாடு பண்ணது அவங்க குடும்பம். கோயிலோட தலைமை அர்ச்சகர் லட்சுமண சாஸ்திரி அவங்க அத்தாவுக்கு நெருங்கின நண்பர். அவ்வளவு ஏன், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவுல இருக்கிற மணல் திட்டுகளுக்கே ராமர் பாலம்னு ஒரு பேர், ஆதம் பாலம்னு ஒரு பேர். அந்த ஊர்க்காரங்க சேர்ந்து வாழ்ந்த இடத்தை, சுத்திக் காட்டுறப்போ மட்டும் நாம ஏன் ரெண்டாப் பிரிக்கிறோம்?

"டிரைவர் மேல என்ன தப்பு? கோயில் பக்கம் கூட்டிட்டுப் போனா நீங்க சங்கடப்படுவீங்கன்னு நினைச்சிருப்பார்"னு நீங்க கேக்கலாம். சரிதான். அவர் கெட்ட எண்ணத்துல செய்யல, மரியாதையாத்தான் நடந்துக்கிட்டார். ஆனா நல்ல எண்ணத்தோட செஞ்சாலும் யூகம் யூகம்தான்.

"அப்போ உங்க அத்தாவே வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே?" இதை நானும் போன்ல கோபமாக் கேட்டேன். அத்தா சொன்ன பதில்: "கோபுரம் பார்க்கணும்னு நான் சொல்லி, அங்க யாராவது ஏதாவது கேட்டா? நமக்கு எதுக்குப்பா வம்பு."

இந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கட்டுரையே எழுதுறேன். அம்பத்தூர்ல மேனேஜர்கிட்ட நேருக்கு நேர் ஓவர்டைம் காசு கேக்குற மனுஷன் அவர். சொந்த மாநிலத்துல, காசு கொடுத்து ஏறின வண்டியில, ஒரு பாலத்தைப் பார்க்கணும்னு கூடச் சொல்லாம வந்திருக்கார். கோபுரத்துக்குத் தயங்கினவருக்கு அப்புறம் எதையுமே கேக்கத் தோணல. ஒருத்தர் நமக்காக லிஸ்ட் போட்டுட்டா, அதுக்கு வெளிய கேக்குறது வம்புன்னு நாமளே நம்ப ஆரம்பிச்சிடுறோம்.

என் தப்பையும் சொல்லிடணும். புக்கிங் ஃபார்ம் கடைசியில 'வேற ஏதாவது தேவையா'ன்னு ஒரு பெட்டி இருந்துச்சு. அதைக் காலியா விட்டது நான்தான். பாலத்தைப் பத்தி அத்தா வீட்ல எத்தனையோ தடவை பேசியிருக்காங்க, தொழுகை நேரம் எனக்குத் தெரியாததும் இல்ல. டிரைவர் கேக்காததை நானும்தான் கேக்கல.

எங்க ஊர்ல ஒரு சமத்துவபுரம் இருக்கு. 1996-ல பஞ்சாயத்துத் தலைவரான இளங்கோ, நம்மள மாதிரி இன்ஜினியரிங் படிச்சவர், கெமிக்கல் இன்ஜினியர். அங்க தலித் குடும்பமும் மத்த சாதிக் குடும்பமும் ஒரே சுவரோட ரெண்டு பக்கம் இருக்கிற மாதிரி இரட்டை வீடுகள். வீட்டைக் கட்டும்போதே யார் பக்கத்துல யார்னு யோசிச்சாத்தான் பிற்பாடு பழக்கம் மாறும். வீட்டுக்குப் பொருந்துறது ஒரு நாள் டூருக்கும், நாம செய்யுற ஆப்புக்கும் பொருந்தும்.

ஏன் ஆப்னு சொல்றேன்னா, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல டூர் பிளான் போடுற ஆப் செய்யாத பேட்ச்சே கிடையாது. பேர், வயசு, ஊர் கொடுத்தா இடங்களைத் தானாப் பரிந்துரைக்கும். அந்த டிரைவர் செஞ்சதும் அதேதான், தலைக்குள்ள செஞ்சார். நாம கோட்ல எழுதினா ஒரு காருக்குப் பதிலா ஆயிரம் கார்ல அதே தப்பு நடக்கும். அதனால பரிந்துரைக்கு முன்னாடி மூணு கேள்வி வையுங்க: என்ன பார்க்க ஆசை? எந்த நேரத்துல வண்டி நிக்கணும்? என்ன சாப்பிடுவீங்க? இது முஸ்லிம்களுக்கு மட்டும் பண்ற சலுகை இல்ல. மாத்திரை நேரம் இருக்கிற தாத்தாவுக்கும், குழந்தைக்குப் பால் கொடுக்கிற அம்மாவுக்கும், விரதத்துல இருக்கிற பாட்டிக்கும் இதே மூணு கேள்வி போதும். பதில் வந்த பிறகு தீவு முழுசையும் எல்லாருக்கும் காட்டுங்க. எது வேணாம்னு அவங்க சொல்லட்டும்.

செமஸ்டர் லீவுல மறுபடியும் அனுப்பப் போறேன். அதே டிரைவருக்குத்தான் போன் பண்ணேன். பாலம், கோபுரம், கொட்டகை மீன், லுஹருக்கு அரை மணி நேரம்னு வரிசையாச் சொன்னேன். "அட, இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நானே கூட்டிட்டுப் போயிருப்பேனே தம்பி"ன்னார்.

"நீங்களும் கேட்டிருக்கலாம்ணே"ன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சுட்டோம்.