"அம்மா... வந்து கூட்டிட்டு போ!" ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு முதல் மாதம்தான் கண்டம்

கம்பைநல்லூர்:

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் போதும். டிரங்க் பெட்டி, பக்கெட், பாய், தலையணை சகிதம் பஸ்சுக்கு காத்து நிற்கும் குடும்பங்களை கம்பைநல்லூர் வட்டாரத்தில் பார்க்கலாம். ஹாஸ்டலுக்கு கிளம்பும் பிள்ளை சிரித்துக்கொண்டுதான் நிற்கும். அழுகை எல்லாம் ராத்திரி விளக்கு அணைத்த பிறகுதான்.

தர்மபுரி மாவட்டத்தில் ஹாஸ்டல் என்பது வசதிக்காக மட்டும் அல்ல, பிழைப்புக்காகவும்தான். மழை பொய்த்தால் அப்பா, அம்மா பெங்களூருக்கு கட்டிட வேலைக்கோ, திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ போய்விடுவார்கள். பிள்ளையை யாரிடம் விடுவது? அரசு விடுதிதான் கதி. கொஞ்சம் கையில் காசு இருப்பவர்கள் கடன் வாங்கியாவது நாமக்கல், ராசிபுரம் பக்கம் தனியார் பள்ளியில் சேர்க்கிறார்கள். சித்தேரி, சிட்லிங்கி மலைப் பிள்ளைகளுக்கோ ஊரே புதுசு, பேச்சும் புதுசு.

2025 ஜூலையில் தமிழக அரசு தனது விடுதிகளுக்கு 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றியது. அப்போது சொல்லப்பட்ட கணக்கு 2,739 விடுதிகள், சுமார் 1.79 லட்சம் மாணவ, மாணவிகள். பெயர் மாறியது நல்லதுதான். ஆனால் 6-ம் வகுப்பு பையனுக்கு முதல் ராத்திரி பாத்ரூம் எங்கே என்று யார் காட்டுவது?

காலேஜுக்கு 3 வாரம், பள்ளிக்கு?

இன்ஜினியரிங் காலேஜில் சேரும் 18 வயது பையனுக்கு 3 வாரம் அறிமுகப் பயிற்சி தர வேண்டும் என்று ஏ.ஐ.சி.டி.இ. 2017-லேயே சொல்லிவிட்டது. 11 வயது பிள்ளைக்கோ பல இடங்களில் பெட்டி வைக்க இடத்தை காட்டுவதோடு சரி. நியாயமாக பார்த்தால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

இதற்கு பெரிய செலவு ஒன்றும் கிடையாது. முதல் வாரம் பாடத்தை கொஞ்சம் ஓரம் கட்டிவிட்டு சமையல்கட்டு, குளிக்கும் இடம், வார்டன் அறை எல்லாவற்றையும் சுற்றிக் காட்டலாம். ஒவ்வொரு புதுப் பிள்ளைக்கும் 9-ம் வகுப்பு அண்ணனையோ அக்காவையோ துணைக்கு போடலாம். படுக்கையில் சிறுநீர் போகும் பிள்ளையை யார் காதிலும் விழாமல் கவனிக்க வேண்டும். இது சின்ன விஷயம் போல தெரியும். ஆனால் நாலு பேர் கேலி செய்தால் அந்தப் பிள்ளை மறுநாளே சுவர் ஏறிக் குதிக்கும்.

அண்ணன் துணை என்று சொல்லி அடிமை வேலை வாங்கவும் விடக்கூடாது. 1996-ல் அண்ணாமலை பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொலையான பிறகுதான், 1997-ல் ராகிங் தடை சட்டம் வந்தது. 2 ஆண்டு வரை ஜெயில் உண்டு. அந்த நினைப்பு பள்ளி விடுதிக்கும் வேண்டும்.

2022 ஜூலையில் கள்ளக்குறிச்சி அருகே கனியாமூர் தனியார் பள்ளி விடுதியில் தங்கிப் படித்த பிளஸ்-2 மாணவி இறந்ததும், அதைத் தொடர்ந்து கலவரத்தில் பள்ளியும் பஸ்களும் எரிந்ததும் யாருக்கும் மறக்காது. விடுதிகளுக்கு பதிவு கேட்கும் சட்டம் 2014-லேயே வந்துவிட்டது. பிள்ளையை விடப்போகும் பெற்றோர் கட்டணத்தை மட்டும் கேட்காமல், "விடுதிக்கு லைசென்ஸ் இருக்கா?" என்றும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

போனில் அழுதால்...

பெற்றோர் பக்கமும் தப்பு உண்டு. "சினிமாவுக்கு போறோம்" என்று ஏமாற்றி கொண்டு போய் விட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். அப்படி விட்ட பிள்ளை அப்புறம் யாரையும் நம்பாது. சேர்ப்பதற்கு முன்பே ஒரு தடவை கூட்டிப் போய் காட்டிவிட வேண்டும். அடுத்து எந்தக் கிழமை வருவோம் என்று சொன்னால், கூலி போனாலும் அன்றைக்கு போய் நிற்க வேண்டும்.

வீட்டு நினைப்பில் அழும் பிள்ளை பெரும்பாலும் சில வாரத்தில் தெளிந்துவிடும். சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தாலோ, குறிப்பிட்ட ஒரு ஆளைப் பற்றி பேச்செடுத்தாலே பயந்தாலோ அது வெறும் ஏக்கம் அல்ல. உடனே நேரில் போய் தனியாக விசாரிக்க வேண்டும். குழந்தைகள் உதவிக்கு 1098, பள்ளி மாணவர்கள் ஆலோசனைக்கு 14417. இந்த 2 நம்பரையும் டிரங்க் பெட்டி மூடியின் உள்பக்கம் பேனாவால் எழுதிக் கொடுத்துவிட்டால், பிள்ளை தினமும் துணி எடுக்கும்போது கண்ணில் படும்.