கலவான மழையும் ஒரு சின்னக் கமராவும்

கலவானப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் 2017 ஜூலையில் என்னைத் தேடி வந்தார். கையில், பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு சின்ன டிஜிட்டல் கமரா. வளைகுடா நாட்டில் வீட்டு வேலை செய்த அத்தை பல ஆண்டுகளுக்கு முன்னர் கொண்டுவந்து கொடுத்ததாம். "ஐயா, லென்ஸ் வெளியில வந்து அப்படியே நிக்குது. உள்ளே போகமாட்டேங்குது" என்றார். அது அவருடைய உண்மையான குறை அல்ல என்பது சற்று நேரம் பேசிய பிறகே தெரிந்தது.

அவ்வாண்டு மே 25 ஆம் திகதி இரவு பெய்த மழையை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இரத்தினபுரி, களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் வெள்ளத்துக்கும் மண்சரிவுக்கும் இருநூறுக்கும் அதிகமானோர் பலியாயினர். கலவானப் பகுதியும் தப்பவில்லை. இவருடைய லயத்தின் பின்புறத்து மண்மேடு சரிந்து சுவரின்மேல் விழுந்தது. மின்சாரம் நின்றது, அக்கம்பக்கத்துக் கைத்தொலைபேசிகள் எல்லாம் ஒவ்வொன்றாக உயிரை விட்டன. அப்போது, வீட்டு வானொலியிலிருந்து கழற்றிய இரண்டு பற்றரிகளைப் போட்டு இந்தக் கமராவினால் நாற்பத்தேழு படங்களை எடுத்திருக்கிறார். (பழைய சின்னக் கமராக்களை எள்ளி நகையாடுவோர் இதைச் சற்றுக் கவனிக்கவேண்டும்.)

படங்களை ஸ்டூடியோவில் அச்சிட்டு, நட்டஈட்டு விண்ணப்பத்துடன் ஓர் அலுவலகத்தில் கொடுத்தார். அங்கிருந்தவர் படத்தின் மூலையைச் சுட்டிக்காட்டினாராம். அங்கே 01.01.2005 என்று செம்மஞ்சள் நிறத்தில் இருந்தது. "இது பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தின படமாச்சே!"

கமராவில் என்ன கோளாறு என்று என்னிடம் கேட்போர் அனைவரும் லென்ஸைப் பற்றியும் பற்றரியைப் பற்றியும்தான் கேட்கிறார்கள். அவை தம் நோயைத் தாமே சொல்லிவிடும் உறுப்புகள். சொல்லாமலே பொய்யுரைக்கும் உறுப்பு ஒன்று உண்டு. அதுதான் உள்ளே இருக்கும் கடிகாரம். பிரதான பற்றரியைக் கழற்றினாலும் சில நாட்களுக்கு அதை ஓடவைப்பது ஒரு சிறு காப்பு மின்கலம். கமராவை அலுமாரியில் மாதக்கணக்கில் வெறுமையாக வைத்திருந்தால் அதுவும் வற்றிவிடும். மறுபடி பற்றரி போட்டதும் கமரா திகதியைக் கேட்கும். அவசரத்தில் நாம் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போவோம். தயாரித்தவர் நிர்ணயித்த முதல் நாளிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும். என் கருத்தில், சின்னக் கமராவின் மிகக் கொடிய பழுது இதுவே.

லென்ஸ் விடயத்துக்கு வருகிறேன். வெளியே நீண்ட லென்ஸ் உள்ளே போகாமைக்கு இரண்டு காரணங்களே பெரும்பாலும் உண்டு: ஒன்று பற்றரியில் போதிய வலு இல்லை, மற்றது குழலின் இடுக்கில் மணல். விரலால் அழுத்துவதுதான் நாம் செய்யும் முதல் தவறு; உள்ளிருக்கும் மெல்லிய பற்சக்கரங்கள் அப்போதே உடையும். அன்று பற்றரிகளைக் கழற்றி, தொடுமுனைகளைப் பென்சில் அழிறப்பரால் தேய்த்தேன். மீள்மின்னேற்றும் நிக்கல் பற்றரிகள் இரண்டைப் போட்டேன். பெயரளவில் அவை 1.2 வோல்ற்றுதான், ஆனால் லென்ஸ் மோட்டார் திடீரென்று கேட்கும் மின்னோட்டத்தைக் கொடுப்பதில், கடைகளில் விற்கும் மலிவான 1.5 வோல்ற் பற்றரிகள் அவற்றின் அருகில் வரமுடியாது. கமராவை நிலத்தை நோக்கிப் பிடித்து, குழலைச் சுற்றிக் காற்று ஊதினேன். மூன்றாம் முறை லென்ஸ் முனகிக்கொண்டே உள்ளே போனது. போகாதிருந்தால் நான் திறந்திருக்கமாட்டேன். பிளாஷுக்கான மின்தேக்கியில் 300 வோல்ற் அளவில் மின்சாரம் தேங்கியிருக்கும். பற்றரியைக் கழற்றிய பின்னரும் அது அடிக்கும்.

கலவான, சிங்கராஜ வனத்தின் விளிம்பில் உள்ள ஊர். ஆண்டு மழைவீழ்ச்சி 3,000 மில்லிமீற்றருக்கும் அதிகம். அந்த ஈரத்தில் லென்ஸின் உள்ளே பூஞ்சணம் சிலந்தி வலைபோல் படரும். படங்கள் புகைமூட்டமாகத் தெரியத் தொடங்கியபின் அதை அகற்றுவது வல்லவர்க்கே முடியும். ஆகவே தோல் உறை வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் போதும். அரிசிக்குள் புதைப்பதும் வேண்டாம், மாத்தூள் புகுந்துவிடும்.

ஈரத்தில் கமரா பழுதானால் எல்லாப் பழியையும் நம்மவர்கள் தம்மீதே போட்டுக்கொள்வதைக் காண்கிறேன். 2005 ஆம் ஆண்டு நடந்ததை அவர்களுக்குச் சொல்லவேண்டும். சோனி நிறுவனம் தயாரித்த ஒருவகை சிசிடி உணரிகள் வெப்பமும் ஈரப்பதனும் மிகுந்த இடங்களில் செயலிழந்தன. படம் ஊதாவாகிக் குலைந்தது, அல்லது முழுவதும் கறுத்தது. அந்த உணரியை வாங்கிப் பொருத்தியிருந்த கெனன், நிக்கோன், பியூஜி, ஒலிம்பஸ் முதலிய நிறுவனங்களும் இலவசமாகத் திருத்திக் கொடுக்க முன்வரவேண்டியதாயிற்று. பாவித்தவர்கள் முறைப்பாடு செய்ததனால் வந்த பலன் அது. நமது தோட்டப் பகுதிகளில் அப்படிப் பழுதான கமராக்களை வைத்திருந்தோர் எத்தனை பேர் அந்தச் செய்தியை அறிந்தார்கள்? நாங்கள் பத்திரிகைக்காரர்களும் அதைத் தமிழில் உரிய இடத்தில் போடவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மெமரி காட் பற்றியும் ஒரு சொல். 2006 க்கு முந்திய கமராக்களில் பெரும்பாலானவை 2 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட காட்டை ஏற்கா. இன்றைய 32 ஜிகாபைட் காட்டைப் போட்டு, கமரா பழுது என்று வீசுவோர் உண்டு. படங்கள் அழிந்துபோனால் அந்தக் காட்டில் மேலும் ஒரு படமும் எடுக்காது வைத்திருங்கள். பிரெஞ்சுக்காரரான கிறிஸ்தோப் கிரெனியே எழுதிய போட்டோரெக் என்னும் இலவச மென்பொருள் அவற்றில் பலவற்றை மீட்டுத் தரும்.

லென்ஸ் சரியானதும் இளைஞர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "கம்பியூட்டர்ல அந்தத் திகதிய மாத்திக் குடுக்க ஏலாதாங்க ஐயா? பொய் இல்லைதானே?"

பொய் இல்லைதான். ஐந்து நிமிட வேலையுங்கூட. நான் மறுத்துவிட்டேன். ஒரு படத்தின் திகதியைத் திருத்தினோம் என்று தெரிந்தால், மற்ற நாற்பத்தாறும் குப்பைதான். உண்மைக்காகவே செய்திருந்தாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள். அவருக்கு என்மீது வருத்தமே.

பின்னர் இருவருமாக அமர்ந்து நாற்பத்தேழு படங்களையும் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தோம். பதினொராவது படத்தில், வெடித்த சுவரில், கிழிக்கும் கலண்டர் ஒன்று கோணலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. 2017 மே 25, வியாழன். விடிந்தபின் தாளைக் கிழிக்க அந்த வீட்டில் எவருக்கும் நேரமிருந்திருக்காது. கமராவின் கடிகாரம் நாளில் தவறியிருந்தாலும் ஓட்டத்தில் தவறவில்லை. படங்களுக்கிடையே கழிந்த நிமிடங்கள் சரியாகவே பதிவாகியிருந்தன. ஆகவே அந்த ஒரு படத்தைக் கொண்டு ஏனையவற்றின் நேரத்தையும் கணக்கிட்டு, திகதி எப்படித் தவறியது என்ற விளக்கத்துடன் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். கமராவில் திகதியைச் சரிசெய்து, இனி இப்படியொரு நாள் வந்தால் முதற்படமாக அன்றைய பத்திரிகையின் முதற்பக்கத்தை எடுக்குமாறும் சொன்னேன். (தோட்டத்துக்குப் பத்திரிகை மறுநாள்தான் வரும் என்றார். சரி, கிடைத்ததை எடுங்கள் என்றேன்.)

ஆகஸ்டில் தொலைபேசியில் பேசினார். கடிதத்தை வாங்கிப் படித்தார்களாம். கலண்டரையும் பார்த்தார்களாம். பட்டியல் முதல் வாரமே மூடப்பட்டுவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.