கரி கக்கியோர் ஒருபுறம். கடலில் மூழ்குவோர் ஒருபுறம்!

உடன்படிக்கை என்பது இரு திறத்தாரையும் ஒருங்கே பிணிப்பது. பிணிக்காதது உடன்படிக்கையாகாது, அது வெறுந்தாள். சொல் தவறினார்க்கு ஒறுப்பும், சொற்காத்தார்க்குப் பயனும் எதில் உண்டோ அதுவே உடன்படிக்கை. இவ்விரண்டும் இல்லாத எழுத்தைப் பொன்னேட்டிற் பொறித்தாலும், நூற்றுத் தொண்ணூறு நாட்டுப் பேராளர் அதன்கீழ்க் கையொப்பமிட்டாலும், அஃது ஏட்டுச் சுரைக்காயே; எளியவன் கறிக்கு உதவாது. நிலவுலகின் தட்பவெப்பத்தைக் காப்பதாகச் சொல்லி, முப்பதாண்டுகட்கு மேலாகப் பன்னாட்டு அரசுகள் எழுதிக் குவித்துள்ள உடன்படிக்கைகள் எத்தகையன? அவற்றின் வரலாற்றையே சான்றாக நிறுத்தி வினவுதல் வேண்டும்.

இரியோவில் எழுதிய அறம்

1992-ஆம் ஆண்டு சூன் திங்களில் பிரேசில் நாட்டின் இரியோ நகரில் உலக நாடுகள் கூடின. தட்பவெப்ப மாற்றத்தைத் தடுத்தற்கான முதல் உடன்படிக்கை அங்கே கையொப்பத்திற்கு வைக்கப்பெற்றது. 1994 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதன் உயிர்க்கருத்து ஒன்றே: பொறுப்பு அனைவர்க்கும் பொது; ஆயினும் பொறுப்பின் அளவு அனைவர்க்கும் ஒன்றன்று. செல்வ நாடுகள் முன்னின்று தம் புகையைக் குறைத்தல் வேண்டும்; ஏழை நாடுகள் திருந்துதற்கு ஆகும் செலவையும் அவை தருதல் வேண்டும்.

இவ்வறத்தில் பிழையேதும் இல்லை. கரிவளி காலையிற் கிளம்பி மாலையில் மறையும் பனியன்று; ஒருமுறை வானிற் கலந்தால் நூற்றாண்டுக் கணக்கில் தங்குவது. ஆகவே இன்றைய வெப்பம் இன்றைய புகையால் மட்டும் விளைந்ததன்று. இருநூறு ஆண்டுகளாக ஐரோப்பிய, அமெரிக்க ஆலைகள் கூட்டிவைத்த பழங்கணக்கு. தொழிற்புரட்சிக் காலந்தொட்டு வானிற் சேர்ந்த கரிவளியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அமெரிக்க ஒன்றிய நாடுகள் ஒன்றே கக்கியது. ஆப்பிரிக்கப் பெருநிலம் முழுமையும் கக்கியதோ நூற்றுக்கு மூன்றளவே. கணக்கு இவ்வாறிருக்க, கடனை யார் தீர்ப்பது என்பதற்கு வேறு விளக்கமும் வேண்டுமோ?

கியோத்தோவின் ஒறுப்பும் கனடாவின் ஓட்டமும்

இரியோவின் அறத்திற்கு எண்ணும் கெடுவும் கொடுக்க எழுந்தது 1997-இல் சப்பானில் உருவான கியோத்தோ உடன்படிக்கை. செல்வ நாடுகள் ஒவ்வொன்றும் இவ்வளவு குறைத்தல் வேண்டும் என்று அது வரையறுத்தது. குறைக்கத் தவறிய நாடு, குறைபட்ட அளவை நூற்றுக்கு முப்பது மேற்சேர்த்து அடுத்த தவணையில் ஈடு செய்தல் வேண்டும் என்னும் ஒறுப்பும் அதன் முறையில் அமைந்தது.

நடந்ததென்ன? உடன்படிக்கை எழுதி முடியுமுன்பே, 1997 சூலையிலேயே, ஏழை நாடுகளைப் பிணிக்காத எந்த உடன்படிக்கையையும் ஏற்பதில்லை என அமெரிக்க மேலவை 95-க்குச் சுழியம் என்னும் கணக்கில் முடிவு செய்துவிட்டது. அந்நாடு 1998-இல் கையொப்பமிட்டது. ஆனால் ஏற்புறுதி தரவேயில்லை. 2001-இல் புசு அரசு வெளிப்படையாகவே கைகழுவியது.

கனடா ஏற்புறுதி தந்த நாடு. 1990-ஆம் ஆண்டின் அளவினின்று நூற்றுக்கு ஆறு குறைப்பதாகச் சொல்லுறுதியும் தந்தது. அதன் புகையோ குறையாமல் ஏறியது. சொற்காக்க வேண்டுமாயின் ஏறத்தாழ 1,400 கோடித் தாலர் செலவாகும் எனக் கணக்கிட்ட அவ்வரசு, 2011 திசம்பரில் விலகுவதாக அறிவித்தது. ஓராண்டில் விலகியும் போயிற்று. ஒறுப்பு எழுதப்பெற்றிருந்தது, ஒறுக்கப்பட வேண்டியவன் வாயிற்கதவைத் திறந்துகொண்டு வெளியேறவும் அதே ஏட்டில் வழி எழுதப்பெற்றிருந்தது! திருடன் வெளியேறப் புழைக்கடைக் கதவு வைத்துக் கட்டிய சிறைக்குச் சிறையென்று பெயரா?

இரண்டாம் தவணைக்கான திருத்தம் 2012-இல் கத்தாரின் தோகா நகரில் உருவாயிற்று. 2013 முதல் 2020 முடிய அதன் காலம். அதனை நடைமுறைப்படுத்தப் போதிய நாடுகளின் ஏற்புறுதி சேர்ந்து அது உயிர்பெற்ற நாள் 2020 திசம்பர் 31. பிறந்த நாளே அதன் இறந்த நாளும் ஆயிற்று.

ஒரு சொல்லில் ஒளிந்த சூழ்ச்சி

2015 திசம்பர் 12-இல் பாரிசு உடன்படிக்கை ஏற்கப்பெற்றது. கியோத்தோவில் எழுதியிருந்த ஒறுப்பும் இதில் இல்லை. ஒவ்வொரு நாடும் தன் அளவைத் தானே குறித்துக்கொள்ளலாம், குறித்ததை அறிவித்தல் கட்டாயம், அடைதல் கட்டாயமன்று. கண்காணிக்கும் குழுவைப் பற்றிக் கூறும் பதினைந்தாம் பிரிவு, அக்குழு துணைசெய்யும் தன்மையது, பகைகொள்ளாதது, ஒறுக்காதது என்று வெளிப்படையாகவே உரைக்கின்றது.

சொல்லின் வலிமையை அறியாதார் இவ்வுடன்படிக்கையின் கடைசி நாளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். செல்வ நாடுகள் புகை குறைத்தலில் முன்னிற்றல் பற்றிய நான்காம் பிரிவில், கட்டளைப் பொருள் தரும் ‘சால்’ என்னும் ஆங்கிலச் சொல் நின்றது. அமெரிக்கப் பேராளர் அதனை ஏற்க மறுத்தனர். இறுதி அமர்வில் ‘எழுத்துத் திருத்தம்’ என்னும் பெயரால், அறிவுரைப் பொருள் மட்டுமே தரும் ‘சுட்’ என்னும் சொல் அவ்விடத்தில் அமர்ந்தது. ‘செய்க’ என்பது ‘செய்யின் நன்று’ என்றாயிற்று. ஒரு சொல் மாறியது. உலகப் பெருஞ்செல்வர் கட்டவிழ்ந்தனர். சொல்லாராய்ச்சி வேலையற்றோர் பொழுதுபோக்கு என்று நகைப்போர், ஒரு சொல்லை மாற்றுதற்கு ஒரு வல்லரசு எத்துணைப் பாடுபட்டது என்பதைக் காண்க.

இழப்புப் பற்றிய எட்டாம் பிரிவுக்கும் அவ்வாறே பூட்டிட்டனர். அப்பிரிவைக் கொண்டு எவரும் இழப்பீடு கோரவோ பொறுப்பேற்கச் செய்யவோ இயலாது என உடன் நிறைவேறிய முடிவில் தனியே எழுதிக்கொண்டனர்.

இத்துணைத் தளர்த்தியும் போதவில்லை. 2017 சூனில் அமெரிக்கா விலகுவதாக அறிவித்தது. 2020 நவம்பரில் விலகியது. 2021 பிப்பிரவரியில் மீண்டும் சேர்ந்தது. 2025 சனவரியில் மீண்டும் விலகல் ஆணை பிறப்பித்தது. உலகின் நல்வாழ்வு அந்நாட்டுத் தேர்தலுக்குத் தேர்தல் ஏறியிறங்கும் ஊஞ்சலோ?

ஈகை என்னும் பெயரில் கடன்

2009-இல் கோப்பனேகன் மாநாட்டில், 2020-க்குள் ஆண்டுதோறும் 10,000 கோடித் தாலர் திரட்டித் தருவதாகச் செல்வ நாடுகள் சொல்லுறுதி தந்தன. பொருளியல் கூட்டுறவு வளர்ச்சி அமைப்பு, அஃதாவது அச்செல்வ நாடுகளின் சொந்த அமைப்பே, போட்ட கணக்கின்படி அவ்வளவு எட்டப்பெற்றது 2022-இல் தான். கெடு தவறி ஈராண்டு. அதிலும் அவ்வாண்டு அரசுகளின் வழியாக வந்த பணத்தில் நூற்றுக்கு எழுபதளவு கடன்! வீட்டைக் கொளுத்தியவனே வந்து, கூரை வேய வட்டிக்குப் பணம் தருவதை எவ்வூரில் ஈகை என்பர்?

2022-இல் பாக்கித்தானைப் பெருவெள்ளம் விழுங்கியது. 3 கோடியே 30 இலக்கம் மக்கள் அல்லற்பட்டனர். ஆயிரத்து எழுநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அழிவும் இழப்பும் சேர்ந்து 3,000 கோடித் தாலருக்கு மேல் என மதிப்பிட்டனர். உலகப் புகையில் அந்நாட்டின் பங்கு நூற்றுக்கு ஒன்றும் இல்லை. அவ்வெள்ளத்தின் அலறல் ஓயுமுன் எகிப்தில் கூடிய மாநாடு, இழப்புற்ற நாடுகட்கென ஒரு வைப்பகம் காண ஒப்பியது. 2023-இல் துபாயில் அது தொடங்கியபோது எல்லா நாடுகளும் சேர்ந்து தருவதாகச் சொன்ன தொகை ஏறத்தாழ 70 கோடித் தாலர். அமெரிக்கா சொன்னது 1 கோடியே 75 இலக்கம். ஒரு நாட்டின் ஒரு வெள்ளத்து இழப்பில் நாற்பதில் ஒரு பங்குக்கும் போதாத தொகையை உலகம் முழுமைக்கும் ஒதுக்கிவிட்டுக் கைதட்டிக் கலைந்தனர்.

2024-இல் பாக்கு நகர மாநாட்டில் ஏழை நாடுகள் கேட்டது ஆண்டுக்கு 1,30,000 கோடித் தாலர். கிடைத்த சொல்லுறுதி 30,000 கோடி, அதுவும் 2035-இல்.

பிணிக்க முடியாதென்பது பொய்

“தன்னுரிமையுள்ள நாடுகளை யாரே கட்டாயப்படுத்த முடியும்? பன்னாட்டு உடன்படிக்கையின் இயல்பே இதுதான்” என்று சிலர் அறிவுடையார் போற் பேசுவர். அது பொய் என்பதற்கு இரு சான்றுகள் உள.

முதற்சான்று, ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் எழுந்த மாண்டிரியால் உடன்படிக்கை. அதிற் சேராத நாட்டோடு அக்கேட்டுப் பொருள்களில் வணிகம் செய்தல் கூடாது எனத் தடை விதித்தனர். ஏழை நாடுகட்குப் பத்தாண்டு கூடுதற் கெடு தந்தனர். 1990-இல் அவற்றின் செலவுக்குத் தனி வைப்பகமும் கண்டனர். விளைவு? உலக நாடுகள் அனைத்தும் சேர்ந்தன. அப்பொருள்களின் ஆக்கம் ஏறத்தாழ முற்றும் ஒழிந்தது. ஓசோன் கிழிந்தால் வெள்ளையர் தோலிலும் புற்று வரும். மாற்றுப் பொருள் செய்யும் ஆலைகளும் அவர்களிடமே இருந்தன. எனவே சட்டத்திற்குப் பல் முளைத்தது!

இரண்டாம் சான்று, 1995-இல் அமைந்த உலக வணிக அமைப்பு. இந்திய அரசு தன் கதிரொளி மின்திட்டத்தில் உள்நாட்டிற் செய்த மின்தகடுகளையே வாங்குதல் வேண்டுமெனக் கட்டுப்பாடு வைத்தது. அமெரிக்கா 2013-இல் வழக்கிட்டது. தட்பவெப்ப உடன்படிக்கையின் கடமையையே இந்தியா தன் காப்பாக எடுத்துரைத்தது. அக்காப்புச் செல்லாதென்று 2016-இல் தீர்ப்பாயிற்று. புகையில்லா மின்னாற்றல் ஆக்க முனைந்த நாட்டை, வணிகச் சட்டம் கையைப் பிடித்து நிறுத்தியது. புகை கக்கும் நாட்டைத் தடுக்கத் தட்பவெப்பச் சட்டத்திற்குக் கையே இல்லை. முடியாமை அன்று இது; வேண்டாமை.

இப்பொழுது ஐரோப்பிய ஒன்றியம் புதியதொரு வரி கண்டுள்ளது. இரும்பு, எஃகு, அலுமினியம், பைஞ்சுதை, உரம் முதலியவற்றை வெளிநாட்டினின்று இறக்குங்கால், அவற்றை ஆக்கும்போது எழுந்த கரிவளிக்கு விலை தருதல் வேண்டும். 2023 அத்தோபரில் கணக்கெடுப்புத் தொடங்கியது; வரிப்பொறுப்பு 2026 சனவரி முதல். ஏழை நாட்டுத் தொழிலின் மேல் விழும் வரிப்பணம் போவதோ ஐரோப்பியக் கருவூலத்திற்கு. இரியோவின் அறம் தலைகீழாயிற்று: கொடுக்க வேண்டியவன் தண்டுகின்றான்.

மூழ்கும் மண்ணும் முழங்கிய மன்றும்

துவாலு என்பது பசிபிக்குப் பெருங்கடலில் ஏறத்தாழ பதினோராயிரம் மக்கள் வாழும் தீவுக்கூட்டம். கடல் ஏறுகின்றது. 2023-இல் ஆத்திரேலியா அந்நாட்டோடு ஓர் உடன்படிக்கை செய்து, ஆண்டுக்கு 280 பேர் குடியேற இடந்தந்தது. அதற்கு மாற்றாக, துவாலு வேறெந்த நாட்டோடும் பாதுகாப்பு உடன்பாடு காணத் தன் இசைவு வேண்டுமென எழுதிக்கொண்டது. இசைவு கேட்கச் செய்த நாடு எது? உலகிற் பெருமளவு நிலக்கரி விற்கும் நாடுகளுள் ஒன்று! உயிருக்குப் புகலிடம் கிடைக்கலாம். துவாலு மொழிக்கு எங்கே புகலிடம்? ஆண்டுக்கு இருநூற்று எண்பதின்மராய் அயல்நாட்டுத் தெருக்களிற் சிதறிய மக்களின் பிள்ளைகள் எம்மொழியிற் பேசுவர்? மண்ணிழந்த மக்கள் மொழியையும் இழப்பர். இழப்பீட்டுக் கணக்கு எதிலும் அவ்விழப்புக்கு வரியில்லை.

ஆயினும் எளியோர் வாளாவிருக்கவில்லை. 2019-இல் தென்பசிபிக்குப் பல்கலைக்கழகச் சட்ட மாணவர் சிலர், இச்சிக்கலை உலக முறைமன்றத்திற்குக் கொண்டுசெல்ல எண்ணினர். சின்னஞ்சிறு வனுவாட்டு அரசு அவ்வெண்ணத்தை ஏந்தியது. 2023 மார்ச்சில் உலக நாடுகள் பேரவை மறுப்பின்றி அதனை ஏற்றது. தட்பவெப்ப உடன்படிக்கைகட்கு அப்பால் தமக்கு வேறு கடமையில்லை என்று செல்வ நாடுகள் மன்றத்தில் வழக்குரைத்தன. 2025 சூலை 23-இல் மன்றம் ஒருமித்து உரைத்த கருத்து அவ்வழக்குரையைத் தள்ளியது. தட்பவெப்பத்தைக் காத்தல் நாடுகளின் சட்டக் கடமை. கடமை தவறுதல் குற்றம். குற்றத்திற்கு நிறுத்தமும், உரியவிடத்து முழு ஈடும் உண்டு என்று அது கூறியது. அது கட்டுறுத்தும் தீர்ப்பன்று, கருத்துரையே. எனினும் பாரிசில் பூட்டிய கதவுக்கு ஒரு திறவுகோல் கிடைத்துள்ளது.

ஆண்டுப் புகையில் இன்று சீனம் முதலிடத்தும் இந்தியா மூன்றாமிடத்தும் நிற்பதைச் சிலர் காட்டுவர். உண்மையே. ஆயின் ஆள்வீதம் கணக்கிட்டால் ஓர் இந்தியன் கக்குவது உலகச் சராசரியிற் பாதியும் இல்லை. அதே வேளை, ஏழை நாட்டு ஆட்சியாளர் ஏழைகளின் பெயரால் வாதாடிப் பெறும் பொருள் முதலாளிகளின் ஆலைக்கே போகுமாயின், அவ்வாட்சியாளரும் அக்குற்றத்திற் பங்காளரே. அயலான் அறத்தைக் கேட்பவன் தன் வீட்டிலும் அதனை நிறுத்துதல் வேண்டும்.

ஆகவே செய்ய வேண்டுவன தெளிவு. மாண்டிரியாலில் செய்ததுபோல் சொற்காப்பை வணிகத்தோடு பிணித்தல் வேண்டும். விலகுவோன் பழைய கடனைத் தீர்த்த பின்னரே விலகலாம் என எழுதுதல் வேண்டும். உதவி கடனாக அன்றிக் கொடையாக, கக்கிய கரியின் அளவுக்கேற்பத் தண்டப்பெறுதல் வேண்டும். உலகமன்றின் கருத்துரையைக் கையிலேந்தி, தாக்குண்ட நாடுகள் தனித்தனியே இரந்து நில்லாமல் ஒருங்கே வழக்காட எழுதல் வேண்டும்.

இரப்பவன் கேட்பது ஈகை. இழந்தவன் கேட்பது உரிமை. ஏழை நாடுகள் இன்று கேட்க வேண்டியது உரிமையே. அதனை ‘செய்யின் நன்று’ என்று கேளற்க. ‘செய்க’ என்றே கேட்க!