வேத நூலுக்கு ஒரு பலகை

ஆயுத பூஜையன்று பால் வெட்டும் கத்தியைக் கழுவி, கிராணியாரின் செக்ரோல் புத்தகத்தின் பக்கத்தில் வைத்துப் பொட்டிட்டு வணங்குகிறவர்கள் நாம். காகிதம் காலில் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். செக்ரோலுக்கே இவ்வளவு மரியாதை என்றால், உடன் உழைக்கும் தோழரின் வேத நூலுக்கு எவ்வளவு வேண்டும்!

ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனையாகிவிட்ட பேராக்கில், இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நம்மோடு வேலை செய்கிறார்கள். அவர்களில் முஸ்லிம்கள் ஒளுச் செய்து சுத்தமான பிறகே குர்ஆனைத் தொடுவர். சீக்கியத் தோழர்கள் ஜெப நூலைத் துணியில் சுற்றியே வைப்பர். அத்தகைய நூலின் மேல் தேநீர் மங்கை வைப்பதும், பெருக்கும்போது தரையில் தள்ளுவதும் கேவலம். தேவாரத்துக்கு இப்படி நேர்ந்தால் நாம் பொறுப்போமா? இடம் மாற்ற வேண்டுமானால் உடையவரையே கூப்பிடுங்கள்.

1957ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 11ஆவது பிரிவு, தன் மதத்தை அனுஷ்டிக்கும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தந்தது. பலகை தரவில்லை! அதை நிர்வாகம்தான் தரவேண்டும். ஸ்டோரிலும் ஆபீசிலும் பால் தெறிக்காத, மழை ஒழுகாத, இடுப்புக்கு மேல் உயர்ந்த ஒரு பலகை, செலவு சொற்பம். சம்பளப் பேச்சில் ஒன்றாக நிற்க வேண்டியவர்கள் புத்தகத்தின் பேரில் பிரிந்தால் லாபம் யாருக்கு? அடுத்த கிளைக் கூட்டத்திலேயே இக்கோரிக்கையை வையுங்கள், தோழர்களே.