லேடி டாக்டர் ஓட்டின வேன்

பழைய வேன் விக்கிறவங்க பேச்சை நம்பினால், இந்த நாட்டு லேடி டாக்டர்கள் ஒருத்தரும் நோயாளியைப் பார்த்ததே இல்லை. வேன் வாங்கி, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் மெதுவா ஓட்டி, கீறல் விழாமல் நமக்கு வித்ததுதான் அவங்க செய்த ஒரே வேலை. "லேடி டாக்டர் பாவிச்சது, மீற்றர் குறைவு, ஜப்பான் கண்டிஷன்." இப்போது இதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: "கேம்பர் போட ஏத்தது."

நோட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியா பக்கம் எங்கள் வயதுப் பையன்கள் பலருக்கு இந்தக் கனவு வந்துவிட்டது. சின்ன வேன் ஒன்று, பின்னால் மெத்தை, ஒரு கேஸ் அடுப்பு. சிவனொளிபாதமலை சீசனில் வெள்ளைக்காரனுக்கு வாடகைக்கு விடலாம், மற்ற நாளில் தானே படுத்துக்கொள்ளலாம். கனவில் பிழை இல்லை. சின்ன இடத்தில் வாழ்வது எப்படி என்று பத்துக்குப் பன்னிரண்டு லயத்துக் காம்பராவில் பிறந்தவங்களுக்கு யூடியூப்காரன் பாடம் எடுக்க வேண்டாம் என்பது மட்டும் எங்கள் தாழ்மையான கருத்து.

எங்கள் சண்டை அந்த வேனுக்குப் போகிற சல்லியைப் பற்றியது. அது பெரும்பாலும் அம்மாவின் ஈ.பி.எப். ஐம்பது வயதில் கைக்கு வருகிற, வாழ்நாளில் ஒரே தடவை மொத்தமாகப் பார்க்கிற காசு. 2024இல் அறிவித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தையே வைத்துக் கணக்குப் போடுங்க. வேன் இருபது லட்சம் என்றால் 1,481 நாள் கொழுந்து. மாதம் 25 நாள் பேர் விழுந்தாலும் ஐந்து வருடம், அதுவும் ஒரு சதம் செலவழிக்காமல். அதைக் கொடுக்கிறவன் வேனை எப்படிப் பார்க்கிறான்? ஸ்டார்ட் பண்ணி, சத்தம் கேட்டு, "இஞ்சின் பட்டு மாதிரி இருக்கு மச்சான்" என்கிறான். முடிந்தது.

ஜப்பான் என்ற பெயரும் ஒரு மயக்கம். 2023 டிசம்பரில் டைஹட்சு நிறுவனமே பாதுகாப்புச் சோதனைகளில் தில்லுமுல்லு செய்தது 64 மொடல்களில் என்று வெளிவந்து, எல்லா வண்டி விநியோகத்தையும் நிறுத்தியது. அதுக்காக ஹைஜெட் எல்லாம் குப்பை என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கே செய்தது என்பது சான்றிதழ் ஆகாது என்கிறோம். அதோடு 2020இல் இறக்குமதியை நிறுத்தி 2025இல்தான் திறந்தார்கள். நடுவில் இருந்த வண்டிகளே கைமாறிக் கைமாறிக் கிழடானது, விலை மட்டும் இளமையாச்சு.

மீற்றரைத் திருப்ப ஒரு கராஜும் அரை மணி நேரமும் போதும். மிதிகட்டை ரப்பரைத் திருப்ப முடியாது. 40,000 கிலோமீட்டர் ஓடினதாச் சொல்ற வேனில் கிளச் ரப்பர் வழுக்கையாக இருந்தால், பொய் சொல்வது ரப்பர் இல்லை. டயர் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் செய்த டயர். புதுசு மாதிரிக் கறுப்பு பூசினாலும் அந்த எண் மாறாது. முன்னால் என்ன ஏற்றினான் என்றும் கேளுங்க. 660 சிசி சின்ன வேனுக்கு ஜப்பான்காரன் போட்ட சாமான் கணக்கு 350 கிலோ. நம்ம ஊரில் அதிலே கோவாவும் லீக்ஸும் ஏறின கணக்கை யாரும் எழுதி வைப்பதில்லை.

இதெல்லாம் எந்த வேனுக்கும் பொருந்தும். படுத்து உறங்கப்போகிற வேனுக்கு முதலில் பார்க்க வேண்டியது தரை. இங்கே பெய்கிற மழை எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. பக்கத்து வட்டவளையும் கினிகத்தேனையும் நாட்டிலேயே அதிகம் நனைகிற ஊர்கள். தகரம் கீழிருந்துதான் சாகும். மேட்டைத் தூக்கிப் பாருங்க, கதவு ஓடுகிற தண்டவாளம், சில்லுக்கு மேலே உள்ள வளைவு, சீட்டுக்கு அடி, எல்லாவற்றையும் ஸ்குரூ டிரைவர் பின்பக்கத்தால் தட்டுங்க. 'டங்'குனு கேட்டால் சரி, 'பொத்'துனு கேட்டால் பூச்சுக்குக் கீழே துரு. புதுசா கறுப்புத் தார் அடிச்ச அடிப்பாகத்தை நாங்கள் அழகு என்று பார்ப்பதில்லை, என்னத்தை மறைச்சான் என்றுதான் பார்ப்போம்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? சாமான் ஏற்றுகிறவனுக்குத் தரையில் ஓட்டை என்றால் மூட்டை நனையும். உள்ளே தூங்குகிறவனுக்கு, சைலென்சரும் கசிந்தால், அந்த ஓட்டை வழியா காபன் மொனொக்சைட் வரும். அதுக்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை. குளிர் என்று இஞ்சினை ஓடவிட்டுப் படுத்தவன் எழும்ப மாட்டான். கண்ணாடியைச் சாத்திக்கொண்டு உள்ளே கேஸ் அடுப்பு மூட்டினாலும் அதே கதிதான். அந்த அழகான வீடியோக்களில் இது வராது.

அடுத்தது பிரேக். 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதெல்லையில் இறக்கத்தில் வந்த பஸ் ஒன்று வேனிலும் ஓட்டோவிலும் மோதி 7 பேர் செத்ததை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. செத்தவர்களில் அதிகம் பேர் வேனில் இருந்தவர்கள். நம்ம வேன் நல்லா இருந்தாலே போதாது என்கிற றோட்டில், நம்ம வேனும் நிற்காவிட்டால்? பிரேக் ஓயில் காலம் போகப் போகத் தண்ணியை உறிஞ்சும். நீண்ட இறக்கத்தில் சூடாகிக் கொதிக்கும்போது மிதிகட்டை அப்படியே உள்ளே போகும். ஓயில் எப்போது மாற்றினது என்று கேட்டால் முழிக்கிற ஓனரிடம் வேறு கேள்வி தேவையில்லை. புகைப் பரிசோதனை சேர்ட்டிபிக்கட்டை நீட்டுவார். அது புகைக்கு.

அதனால் ஹட்டன் டவுனில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டுகிற வித்தையை ஒத்துக்கொள்ளாதீங்க. விடியக்காலை, ஓனர் சூடாக்கி வைக்கும் முன்னால் போங்க. சீட்டைத் தூக்கி இஞ்சினைத் தொட்டுப் பாருங்க, குளிர்ந்திருக்கணும். பிறகு நாலு பேரோட கினிகத்தேனையிலிருந்து நோட்டன் வரைக்கும் ஏறுங்க. விமலசுரேந்திர அணைக்கட்டுப் பக்கம் நிறுத்தி, சூட்டு முள்ளைப் பாருங்க, கீழே என்ன சொட்டுது என்று பாருங்க. திரும்பி இறங்கும்போது இரண்டாம் கியரில் விட்டு, பிரேக் எப்படிப் பிடிக்குதுன்னு காலாலேயே கேளுங்க. கடைசியா, உங்களுக்குத் தெரிந்த பாஸ் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போய்க் குழியில் ஏற்றிக் காட்டுங்க. ஓனர் சொல்கிற பாஸிடம் வேண்டாம்.

"அவ்வளவு தூரம் எல்லாம் ஓட்டக் குடுக்க ஏலாது தம்பி, பெற்றோல் விலை தெரியும்தானே" என்பார். பெற்றோலை நீங்களே அடிச்சுத் தாறதாச் சொல்லுங்க. அதுக்கும் மாட்டேன் என்றால் ஹட்டன் பஸ்ஸைப் பிடிச்சு வீட்டுக்கு வாங்க. அம்மாவின் காசு பேங்க்லயே கிடக்கட்டும்.