பாசறைக்கு ஒரு பேனாக்கத்தி

“பெண் பிள்ளைகளுக்குக் கத்தி எதற்கு?” சாரணியர் பாசறைக்கு மூட்டை கட்டும்போதெல்லாம் எங்கள் காதில் விழும் கேள்வி இது. தட்டு, தம்ளர், போர்வை, டார்ச் விளக்கு, கயிறு எல்லாம் பட்டியலில் இருக்கும். விரல் நீளமுள்ள ஒரு மடக்குக் கத்தி மட்டும் இராது. தம்பிமார்கள் பாசறைக்குப் போகும்போது அதே கத்தி அவர்கள் பையில் இருந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. இது முறைதானா என்று சற்றே சிந்திப்போம்.

முதலில் நம் வீட்டு அடுக்களையைப் பார்ப்போம். பத்து, பன்னிரண்டு வயதிலேயே எங்களில் பலர் அரிவாள்மணையில் அமர்ந்து காய் நறுக்கப் பழகிவிட்டோம். அதன் அலகு பேனாக்கத்தியைவிடப் பன்மடங்கு பெரியது, மடக்கவும் முடியாது. நம் ஊர் குபேர் அங்காடியில் மீன் விற்கும் பகுதிக்குச் சென்றால், அரிவாள்மணையின் முன் அமர்ந்து, பேசியபடியே வஞ்சிரத்தைத் துண்டு போடும் அம்மாமார்களைக் காணலாம். “பெண்ணுக்குக் கத்தி எதற்கு?” என்று அவர்களை யாரும் கேட்டதில்லை. ஆகவே பெண் கையில் கத்தி இருப்பது நமக்குப் புதிதன்று. அடுக்களையில் இருந்தால் அது கடமை, பாசறையில் இருந்தால் அது ஆபத்து என்கிறோம். கத்தி மாறவில்லை, எங்கள் மீதுள்ள நம்பிக்கைதான் வாசற்படியைத் தாண்ட மறுக்கிறது.

சாரணியர் இயக்கமே இத்தகைய மறுப்பிலிருந்து பிறந்ததுதான். 1907-இல் பேடன் பவல் அவர்கள் பிரவுன்சி தீவில் நடத்திய முதல் பாசறை சிறுவர்க்கு மட்டுமே உரியதாக இருந்தது. 1909-இல் லண்டன் கிரிஸ்டல் பேலசில் சாரணர் பேரணி நடந்தபோது, சில சிறுமியர் தாமாகவே வந்து நின்று, தங்களுக்கும் இடம் வேண்டும் என்றனர். அதன் பயனாக 1910-இல் சாரணியர் இயக்கம் உருவாயிற்று. மறு ஆண்டே நம் நாட்டில் ஜபல்பூரில் அது தொடங்கியது. 1951 ஆகஸ்டு 15-இல் சாரணியர் சங்கமும் பாரத சாரண இயக்கத்தோடு இணைந்தது. இன்று இருபாலார்க்கும் குறிக்கோள் ஒன்றே: தயாராயிரு! குறிக்கோள் ஒன்றாக இருக்கும்போது, கைக்கருவி மட்டும் வேறாக இருப்பது ஏன்?

பாசறையில் பேனாக்கத்தி செய்யும் பணிகளை எண்ணிப் பாருங்கள். கூடாரக் கயிறு அறுக்க, சவுக்குக் குச்சியை முளையாகச் சீவ, முதலுதவிக்குக் கட்டுத்துணி வெட்ட, வெங்காயம் நறுக்க, அனைத்துக்கும் அது ஒன்றே போதும். சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்சனர் என்பவர் 1891-இல் தம் நாட்டுப் படைவீரர்க்கு மடக்குக் கத்திகளை வழங்கினார். 1909-இல் தம் தாயார் மறைந்தபின், விக்டோரியா என்ற அவர் பெயரையே தம் தொழிலுக்குச் சூட்டினார். வீரர்கள் பையில் சுமந்த கத்தியும் ஒரு தாயின் பெயரைத் தாங்கியது என்பதை எண்ணும்போது எங்களுக்குப் பெருமையாக இருக்கிறது.

“விரலை வெட்டிக்கொண்டால்?” என்ற பெற்றோரின் அச்சம் நியாயமானதே. பிரான்சில் 1890-இல் ஜோசப் ஒபினெல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தியிலும் அந்த ஆபத்து இருந்தது. வெட்டும்போது அலகு மடங்கி விரலைக் கடிக்காதிருக்க, 1955-இல் அதன் கழுத்தில் ஓர் உலோக வளையம் பொருத்தினார்கள். வளையத்தைத் திருப்பினால் அலகு அசையாது. இன்று சிறுவர்க்கென்றே நுனி உருண்ட கத்தியும் செய்கிறார்கள். ஆபத்தைக் கண்டு அவர்கள் கத்தியைக் கைவிடவில்லை, காப்பைத் தேடினார்கள்.

அத்தகைய காப்பு நம் பழக்கத்திலும் உண்டு. கத்தியைக் கையோடு கையாகக் கொடுத்தால் சண்டை வரும், கீழே வைத்தால் எடுத்துக்கொள்வேன் என்பார் பாட்டி. சண்டை வருமோ வராதோ, காயம் வராது! கை நீட்டும் தூரத்தில் யாரும் இல்லாதபோதே அலகைத் திறக்க வேண்டும். உடலுக்கு வெளிப்புறமாகவே சீவ வேண்டும். நடக்கும்போது மடக்கி வைக்க வேண்டும். சாணை பிடித்துக் கூராக வைத்திருக்க வேண்டும். மழுங்கிய கத்தியை அழுத்தி வெட்டும்போதுதான் கை வழுக்கும. நம் ஊர் உப்புக் காற்றில் இரும்பு எளிதில் துருப்பிடிக்கும். ஆதலால் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வைப்பது நலம்.

அதே வேளையில், கத்தி ஒன்றிருந்தால் போதும் என்று நாங்கள் சொல்லவில்லை. 2003 ஏப்ரலில் ஏரன் ரால்ஸ்டன் என்ற அமெரிக்க இளைஞர் யூட்டா மாநிலத்து மலை இடுக்கில் தனியே சென்றபோது, பாறை ஒன்று உருண்டு அவர் வலக்கையை நசுக்கிச் சிறைப்படுத்தியது. ஐந்து நாட்களுக்குப் பின், ஒரு மலிவான சிறு கத்தியால் தம் கையையே அறுத்துக்கொண்டு அவர் உயிர் தப்பினார். கத்தி காப்பாற்றியது உண்மை. ஆனால் எங்கே போகிறோம் என்று எவரிடமும் அவர் சொல்லிச் செல்லவில்லை. சொல்லியிருந்தால் தேடி வந்திருப்பார்களே! பக்கத்தில் ஒரு தோழியும், போகுமிடம் அறிந்த ஒரு பெரியவரும் இருப்பது எந்தக் கத்தியையும்விடப் பெரிய துணை.

ஆதலால் எங்கள் வேண்டுகோள் பெரிதன்று. ஆளுக்கொரு கத்தி வேண்டாம். அணிக்கு ஒன்று போதும். அதைக் கையாளும் முறையை ஆசிரியை முன்னிலையில் செய்து காட்டித் தேறியவளிடம் மட்டும் கொடுங்கள். பெற்றோர் கையொப்பம் பெறுங்கள். இரவில் அதை ஆசிரியையிடமே ஒப்படைக்கிறோம். விதியை மீறுபவள் அந்த உரிமையை இழக்கட்டும். இவ்வளவு நிபந்தனைகளுக்கும் நாங்கள் மனமுவந்து உடன்படுகிறோம்.

அன்னையரே, அருட்சகோதரிகளே! சித்திரமும் கைப்பழக்கம் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவர்கள் நீங்கள். பழக்கம் வர வேண்டுமானால் பொருள் கையில் இருக்க வேண்டும் அன்றோ? இன்னும் சில ஆண்டுகளில் நாங்கள் விடுதியிலும் வெளியூரிலும் தனியே வாழப் போகிறவர்கள். அன்று எங்களுக்குத் தேவைப்படப்போவது கத்தி மட்டுமன்று. “இவளிடம் கொடுக்கலாம், பொறுப்பாக வைத்திருப்பாள்” என்று ஒருவர் நம்பிய நினைவும் தேவைப்படும். அந்த நம்பிக்கையை அடுத்த பாசறையிலேயே எங்களுக்குத் தாருங்கள்.