மடிநோய்க்குக் கைமருந்து: அளவறிந்து கையாள்வோம்

விடியற்காலையில் மரம் வெட்டப் போய், திரும்பி வந்து மாட்டைக் கறந்து, அந்தப் பாலை விற்று வீட்டுச் செலவைச் சமாளித்த குடும்பங்கள் நம் தோட்டங்களில் ஏராளம். மாடு வைத்திருப்போர் இன்றும் உண்டு. அந்த மாட்டுக்கு மடிநோய் கண்டால் மடி வீங்கும், தொட்டால் சுடும், பால் திரிந்து வரும். கவனியாது விட்டால் காம்பு செத்துப்போகும். இது தொழிலாளியின் வயிற்றில் அடிக்கும் நோய்.

இதற்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்துப் பூசும் கைமருந்து உண்டு. பாட்டி வைத்தியம் என்று நகைப்பார் சிலர். இதுவே போதும், டாக்டர் எதற்கு என்பார் வேறு சிலர். இரண்டையும் நாம் ஒப்பவில்லை.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இம்மூலிகை வைத்தியத்தை ஆராய்ந்து கற்பித்து வருகிறது. இந்தியாவின் தேசிய பால்வள மேம்பாட்டு வாரியமும் இதைப் பரப்புகிறது. அளவு இதுதான்: கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். அரைத்தால் செந்நிற விழுதாகும். மடியில் தேங்கிய பாலை முழுதும் பீய்ச்சிவிட்டு, மடியைக் கழுவி, ஒரு கைப்பிடி விழுதை 150 முதல் 200 மில்லி தண்ணீரில் கரைத்துப் பூசவேண்டும். நாளொன்றுக்குப் பத்து முறை, ஐந்து நாள். ஒருநாள் பூசிவிட்டுப் பலனில்லை என்பது நியாயமாகாது.

ஆனால் மாடு தீனி எடுக்காமல் காய்ச்சலில் கிடந்தாலோ, மடி சில்லிட்டு நீலம் பாரித்தாலோ, பாலில் இரத்தம் கண்டாலோ தாமதியாமல் கால்நடை டாக்டரை அழைக்கவேண்டும். அவர் கொடுக்கும் ஆன்டிபயாடிக் மருந்தைப் பாதியில் நிறுத்தலாகாது. அவர் குறிக்கும் நாள்வரை பாலை விற்கவும் கூடாது. அதைக் குடிப்பது பிறர் பிள்ளைகள்.

வருமுன் காப்பதே மேல். பட்டையில் ஆழமாகக் கத்தி பட்டால் காயத்தின் வழியே நோய் புகும் என்பதை மரம் வெட்டுவோர் அறிவர். கறந்த மடியும் அப்படியே. கறந்து முடித்தபின் காம்பின் துவாரம் சிறிது நேரம் திறந்திருக்கும்; மாடு சகதியில் படுத்தால் கிருமி ஏறும். ஆகவே கறந்ததும் தீனி போட்டு அரைமணி நேரமாவது நிற்க வையுங்கள். நோயுற்ற மாட்டைக் கடைசியில் கறந்து கையைக் கழுவுங்கள்.

நாம் இதை எழுதும் கிளமெண்டி இன்று அடுக்குமாடி நகரம். சிங்கப்பூர்த் தேக்காவில் ஒருகாலத்தில் மாட்டுத் தொழுவங்கள் நிறைந்திருந்தன; இன்று எஞ்சியிருப்பவை பஃபலோ ரோடு போன்ற பெயர்கள்தான். அங்கே மாடு கறந்தோர் அறிந்த வைத்தியத்தில் எவ்வளவு ஏட்டில் ஏறியது?

ஆகவே கிராணிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த மாடு, எந்தத் தேதி, எத்தனை நாள் பூசினர், குணமா இல்லையா என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கால்நடை டாக்டர் வந்து பார்க்க ஏற்பாடு செய்யும்படி சங்கக் கிளைகள் நிர்வாகத்தைக் கேட்கட்டும். தொழிலாளியின் கையறிவும் டாக்டரின் படிப்பும் சேர்ந்தால்தான் மாடு பிழைக்கும்; குடும்பமும் பிழைக்கும்.